உம் கொட்டாத குற்றம்

கேள்வி: மும்பையில் எங்கள் செம்பூர் கட்டடத்துத் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். வருவதையெல்லாம் படிப்பேன், ஒரு வரி எழுதியதில்லை. ஒரு தடவை குழுவில் யாரோ போட்ட முகவரியை நம்பி, கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையைக் காலி செய்து மாசக்கணக்காகிறது என்றார்கள். அதைக்கூட எழுதவில்லை. 'உம் கொட்டக்கூட ஆளில்லையா?' என்று அட்மின் போன வாரம் பொரிந்து தள்ளிவிட்டார். பேசாமல் படித்துக்கொண்டிருப்பது தப்பா?
— ஒரு வாசகர், செம்பூர்

பதில்: உங்கள் அட்மின் யாரோ, தமிழ் ருசி உள்ளவர். 'லைக் போட ஆளில்லையா' என்று கேட்காமல் 'உம் கொட்ட' என்றிருக்கிறாரே! என் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்டுவது நின்றால் கதையும் நின்றுவிடும். குகைக்குள் ஒரு காலை வைத்த அரக்கன், மறுநாள் ராத்திரி வரை இன்னொரு காலை வெளியே வைத்துக்கொண்டு காத்திருப்பான். வில்லுப்பாட்டில் இதற்கென்றே பக்கத்தில் ஆள் உண்டு. 'ராஜா வேட்டைக்குப் போனாரு' என்று பாடுகிறவர் சொன்னால், 'ஆமா, போனாரு' என்பார் அவர். அந்த 'ஆமா'வில் புதுத் தகவல் ஒன்றும் கிடையாது. ஆனால் அது விழாவிட்டால் ராஜா குதிரையை விட்டு இறங்கிவிடுவார்.

இங்கிலீஷ்காரர்கள் உங்களைப் போன்றவர்களுக்கு 'லர்க்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பதுங்கி நிற்கிறவன் என்று அர்த்தம். திருட்டுக் கேஸில் எழுதுகிற வார்த்தை, எனக்குப் பிடிக்கவில்லை. ஜேக்கப் நீல்சன் என்ற இணையதள ஆய்வாளர் 2006-ல் ஒரு மோட்டாக் கணக்குச் சொன்னார்: இணையத்தில் கூடும் நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சமுள்ள ஒருவரே ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதித் தள்ளுவார். உங்கள் குழுவில் அந்த ஒருவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு ரோஜாப்பூ அனுப்புகிறாரே, அவர்தான். ஒரு வாட்ஸப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆளுக்கொரு ரோஜா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 90 பேர் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் குழு பிழைத்துக்கிடக்கிறது.

நம் ஷண்முகானந்தா கச்சேரி அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,763 இருக்கை. மேடையில் நாலைந்து பேர். கீழே இருக்கிற மற்றவர்கள் பதுங்கியவர்களா? தொடையில் தாளம் போடுகிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், பக்கத்து ஸீட்காரரிடம் ராகத்தைத் தப்பாகச் சொல்கிறார்கள். எல்லாம் உம்தான். ஆனால் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை. இந்தப் பக்கத்தில் இது எத்தனையாவது தடவை என்று எண்ணாதீர்கள். முன்பு இப்படி எழுதியதற்கு, 'தனியின்போது போனால்தான் க்யூ இல்லாமல் போண்டா கிடைக்கும்' என்று கார்டு போட்டார் ஒரு ரசிகர். ஐயா, மிருதங்கக்காரர் அதுவரை பாடகர் பாடியதற்கெல்லாம் உம் கொட்டிக்கொண்டிருந்தவர். அவர் பேசக் கிடைப்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்போதா போண்டா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் முலுண்ட் சொசைட்டியில் நாலாம் மாடி மாமா ஒருவர். குழுவில் ஐந்து வருட மௌனம். ஒருநாள் டேங்கர் தண்ணீரா, போர்வெல்லா என்று அடிதடி நடந்துகொண்டிருந்தபோது, அவர் பெயரில் ஒரு செய்தி வந்தது: 'ஞஞஞளள'. லோக்கல் ட்ரெயின் நெரிசலில் சட்டைப் பையிலிருந்த போன் தானாக எழுதிய இலக்கியம் அது. எங்களுக்குத் தெரியுமா? 'வெல்கம் மாமா' என்றார் ஒருவர். 'மாமாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?' என்றார் ஒரு மாமி. பதினெட்டு பேர் கைகூப்பினார்கள். டேங்கர் கட்சிக்காரர் ஒருவர், 'மாமா சொல்வதை வழிமொழிகிறேன்' என்று போட்டுவிட்டார்.

அப்புறம் பொதுக்குழு. கோரம், அதாவது கூட்டம் நடத்தப் போதுமான தலைகள், இல்லாவிட்டால் அரைமணி தள்ளிவைத்து, வந்தவர்களை வைத்தே நடத்திவிடலாம் என்பதால் மும்பையில் யாரும் அந்த அரைமணிக்கு முன்னால் செருப்பே மாட்டுவதில்லை. மாமா மட்டும் சரியான நேரத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தை 2013-ல் திருத்தியபோது 'செயல்படும் உறுப்பினர்' என்றொரு இனத்தை உண்டாக்கினார்கள். அதில் சேர, ஐந்து வருடத்தில் ஒரு பொதுக்குழுவுக்காவது வந்திருக்க வேண்டும் என்பது அப்போது போட்ட ஒரு நிபந்தனை. வந்து வாயைத் திறக்க வேண்டும் என்று அதில் இல்லை. மாமா விவரமானவர். செயலாளர் எழுந்து, 'டேங்கர்தான் சரி என்று நாலாம் மாடியிலிருந்தும் கருத்து வந்திருக்கிறது' என்று படித்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மாமா கையில் பாதி சமோசா. மறுக்கவில்லை. மறுத்தால் பேச வேண்டியிருக்குமே! டேங்கர் வந்தது. மாமா போர்வெல் கட்சி என்பது பின்னால் மாமி சொல்லித்தான் தெரியும்.

ஆகவே பேசாமல் இருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தப் பத்திரிகையே கடிதம் போடாத வாசகர்களால்தான் ஓடுகிறது. கடிதம் போடுகிறவர்களில் பாதிப்பேர் ஓசிப் பிரதிக்காரர்கள். அட்மின் உம் கேட்டது ரோஜாப்பூவுக்காக இருந்தால், அதற்கும் நீங்கள் பொறுப்பில்லை.

ஆனால் அந்தக் கிரைண்டர்! அதை எங்கே வைத்துத் தூக்கிப் போனீர்கள் என்று எழுதவில்லை. ஆட்டோவாகத்தான் இருக்கும், மடியில் கல்லோடு. கடை மூடியிருக்கிறது, ஷட்டரில் சினிமா போஸ்டர். அங்கே நின்றபடியே 'கடை இல்லை' என்று இரண்டு வார்த்தை அடித்திருந்தால் போதும். உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் அந்தப் படியில் கிரைண்டரை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்களோ! ஆறு வருடம் குழுவில் வாங்கியதற்குத் திருப்பிக் கொடுக்க உங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டீர்கள். தப்பா என்று கேட்டீர்களே, அது தப்பு.

இன்றைக்கே போட்டுவிடுங்கள். கடை எங்கே மாறியிருக்கிறது என்று யாராவது பதில் போட்டால் எனக்கும் ஒரு கார்டு எழுதுங்கள். எங்கள் வீட்டு கிரைண்டருக்கும் பெல்ட் மாற்ற வேண்டியிருக்கிறது.