கோழி தின்ற நரியும் வேலி தாண்டிய இருபது நாய்களும்

கேள்வி: லெஸ்டர் நகரில் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு பக்கத்துக் கிராமத்தில் வீடு வாங்கினோம். பின்புறம் இரண்டு ஏக்கர் புல்வெளி. ஆசைக்கு ஒன்பது கோழி வளர்த்தோம். நான்கை நரி கொண்டுபோய்விட்டது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. இருபதுக்கும் மேற்பட்ட வேட்டை நாய்கள் வேலிக்குள் புகுந்து கோழிக்கூண்டைச் சுற்றிவந்தன. வேலிக்கு அப்பால் சிவப்புக் கோட்டுடன் குதிரைக்காரர்கள். மறுவாரம் அந்த வேட்டைக் குழுவிலிருந்து ஒருவர் வந்து வருத்தம் தெரிவித்தார். "உங்கள் நிலத்தின் வழியே போக ஒரு அனுமதிக் கடிதம் கொடுங்கள், நரித் தொல்லையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார். இங்கிலாந்தில் நரி வேட்டைக்குத் தடை இருக்கிறதே? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

தடை இருப்பது உண்மை. 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரபுக்கள் சபை கடைசிவரை ஒப்புக்கொள்ளாததால், 1911, 1949 ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்களைக் கொண்டு மக்கள் சபை தனித்தே நிறைவேற்றிய சட்டம் அது. அப்படி நிறைவேற்றியது செல்லுமா என்று வேட்டை ஆதரவாளர்கள் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை போனார்கள். செல்லும் என்று 2005இல் தீர்ப்பு வந்தது. இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய சட்டம் நரியைக் கொல்வதைத் தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தடுப்பது நாயைக் கொண்டு காட்டுப் பாலூட்டியைத் துரத்துவதை. துப்பாக்கியால் நரியைச் சுடுவது அன்றும் சட்டப்படி சரி, இன்றும் சரி.

பிறகு எப்படி இன்னமும் சிவப்புக் கோட்டுக்காரர்கள் வருகிறார்கள்? "டிரெயில் ஹண்டிங்" என்பதுதான் அதற்குப் பதில். ஒருவர் முன்னால் போய், பெரும்பாலும் நரி மூத்திர வாடை ஏற்றிய துணியைத் தரையில் இழுத்துக்கொண்டே போவார். நாய்கள் அந்த வாடையைப் பிடித்து ஓடும், பின்னால் குதிரைகள். காகிதத்தில் இதில் நரியே கிடையாது. ஆனால் நரி இருக்கும் புதருக்குள், நரி வாடைக்கே பழக்கிய நாய்களை விட்டால் அவை செயற்கை வாடையையும் உண்மை வாடையையும் பிரித்தறியுமா? நிஜ நரி கிளம்பி நாய்கள் அதன் பின்னால் போய்விட்டால், "தற்செயல்" என்பார்கள். குற்றம் நிரூபணமாக, வேண்டுமென்றே நரியைத் துரத்தியதாக அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். தேடியலைவது மட்டுமே வேட்டையாகாது என்று 2009இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே கண்ணால் பார்ப்பது ஒன்று, நீதிமன்றத்தில் நிற்பது வேறு.

இந்தச் சட்ட ஓட்டையை அடைப்பதாக லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுத்தது. ஸ்காட்லாந்து முந்திக்கொண்டு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் டிரெயில் ஹண்டிங்கையே தடைசெய்துவிட்டது. வட அயர்லாந்திலோ தடை என்ற ஒன்றே இல்லை. 2021 டிசம்பரில் கொண்டுவந்த மசோதா தோற்றுப்போனது. ஒரே முடியரசுக்குள் நரிக்கு இத்தனை நீதி.

இப்போது உங்கள் கையெழுத்துக்கு வருவோம். 2004 வேட்டைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு நில உரிமையாளரைக் குறிவைப்பது. சட்டவிரோத வேட்டைக்குத் தன் நிலத்தைத் தெரிந்தே விட்டவரும் குற்றவாளி. தண்டனை சிறையில்லை, அபராதம்தான். ஆனால் அந்த அபராதத்துக்கு இப்போது உச்ச வரம்பு கிடையாது. "நரித் தொல்லையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்தவர் உங்கள் காதிலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகு அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டு, பின்னாளில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று நீங்கள் நிற்க முடியாது.

அவர் சொன்ன உதவியைச் சட்டப்படி செய்ய வழி இருக்கிறது. கால்நடை, கோழி போன்றவற்றுக்குப் பெரும் சேதம் வராமல் காக்க, அதிகபட்சம் இரண்டு நாய்களை விட்டு நரியை மறைவிலிருந்து வெளியே கிளப்பலாம்; கிளம்பியதும் தேர்ந்த ஒருவர் கூடிய விரைவில் சுட்டுவிட வேண்டும். இருபது நாய் எந்தக் கணக்கிலும் வராது. வளைக்குள் டெரியர் நாயை இறக்கும் விலக்கும் ஒன்று இருக்கிறது. அது துப்பாக்கி விளையாட்டுக்காக வளர்க்கும் ஃபெசன்ட் போன்ற பறவைகளைக் காக்க மட்டும். சீமான்கள் சுட்டு விளையாட வளர்க்கும் பறவைக்குக் கிடைத்த சலுகை, உங்கள் முட்டைக் கோழிக்கு இல்லை. இந்தச் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும் இடம் இது.

உங்கள் வீட்டு நாய் தோட்டத்தில் நரியைக் கண்டு தானாகப் பாய்ந்தால் குற்றமில்லை. நீங்கள் "சூ" காட்டி ஏவிவிட்டால் கதை வேறு.

இனி அவர்கள் வந்தால் என்ன செய்வது? இங்கே வேட்டைச் சட்டத்தைவிட உங்களுக்கு வலுவான ஆயுதம் பழைய அத்துமீறல் சட்டம். எக்ஸ்மூர் பகுதியில் மான் புகலிடமாக நிலம் வாங்கி வைத்திருந்த ஓர் அமைப்பு, நாய்கள் அடிக்கடி உள்ளே வருவதாக வேட்டைக் குழுத் தலைவர்மீது வழக்குப் போட்டது. 1985இல் தீர்ப்பு: நாய்களை வேண்டுமென்றே உள்ளே விட்டாலும், உள்ளே போகாமல் தடுக்க அசட்டையாகத் தவறினாலும் தலைவர் பொறுப்பு. இதில் நரியைத் துரத்தினார்களா, வாடையைத் துரத்தினார்களா என்ற கேள்வியே எழாது. உங்கள் நிலம், அவர்கள் நாய், அவ்வளவுதான்.

ஆகவே அனுமதிக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு மறுப்புக் கடிதம் எழுதுங்கள். குழுவின் தலைவர்களுக்கு, நில எல்லை குறித்த வரைபடத்துடன், நாயோ குதிரையோ ஆளோ உள்ளே வர அனுமதியில்லை என்று இரண்டே வரி. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நாய் உள்ளே வந்தால், தலைவருக்குத் தெரியாது என்ற சாக்கு அங்கேயே செத்துவிடும். ஒரு எச்சரிக்கை: உங்கள் புல்வெளியைக் கடந்து பொதுக் குதிரைப் பாதை போனால், அதில் யாரும் குதிரையில் போகலாம், அதைத் தடுக்காதீர்கள்.

நேரில் கண்டால் வாக்குவாதம் வேண்டாம். பூனையையும் பிள்ளைகளையும் உள்ளே அழைத்துவிட்டு, கைபேசியில் படம் பிடியுங்கள். நாய்களைப் பத்து நிமிடம் எடுப்பதைவிட, நாய்களுக்கு முன்னால் நரி ஓடுகிறதா, வாடைத் துணி இழுத்தவர் யாராவது போனாரா, நரியைக் கண்டதும் கொம்பூதி நாய்களைத் திரும்ப அழைத்தார்களா அல்லது உற்சாகப்படுத்தினார்களா என்று காட்டும் அரை நிமிடம் மேல். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துரத்தல் நடந்துகொண்டிருந்தால் 999, முடிந்துவிட்டிருந்தால் 101. வனவிலங்குக் குற்ற அதிகாரியைக் கேளுங்கள். வழக்கை ஆறு மாதத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள்.

நரி விஷயம் பாக்கி. நம் ஊரில் நரி என்றால் பெரும்பாலும் ஜக்கால். நீலகிரியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் நாய்க்கூட்டத்துடன் துரத்தியதும் அதைத்தான், தங்கள் நாட்டு நரி இங்கே இல்லாத குறைக்கு. உங்கள் தோட்டத்துக்கு வருவது செந்நரி. விஷம் வைப்பது குற்றம். கூண்டில் பிடித்து வேறு ஊரில் விடுவதும் கூடாது. பழக்கமில்லாத இடத்தில் அது பட்டினி கிடக்கும், அடைபட்ட விலங்கு விலங்கு நலச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிடும். சுட வேண்டுமென்றால் உரிமம் உள்ளவரைக் கூப்பிடலாம். ஆனால் ஒரு நரியை அகற்றினால் காலியான எல்லைக்கு இன்னொன்று வரும்.

கூண்டைப் பாருங்கள். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலையா? கோழியை உள்ளே வைக்க அது போதும், நரியை வெளியே வைக்கப் போதாது, கடித்தே பிய்த்துவிடும். பற்றவைத்த கெட்டியான கம்பி வலைக்கு மாற்றுங்கள். வலையின் அடியை வெளிப்பக்கமாக மடக்கி, இரண்டடி அகலத்துக்குத் தரையில் பரப்பி முளையடித்துவிடுங்கள். நரி சுவரோரம்தான் தோண்டும், பாதம் வலையில் பட்டதும் விட்டுவிடும். மூக்கால் தள்ளித் திறக்கும் கொக்கி வேண்டாம், தாழ்ப்பாள் போடுங்கள். அந்தி சாய்வதற்குள் கதவு மூடியிருக்க வேண்டும். டிசம்பரில் அது மாலை நான்கு மணி. நீங்கள் வேலையிலிருந்து திரும்பும் முன்பே இருட்டிவிடும் என்பதால், வெளிச்சம் பார்த்துத் தானே மூடும் கதவு ஒன்றை வாங்கிவிடுங்கள்.