காய்ச்சலுக்குப் பிறகு வந்த புண்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. போன வாரம் காய்ச்சல், தொண்டை வலி. இப்போது பிறப்புறுப்பில் இரண்டு பெரிய புண்கள். ‘யாரோடாவது பழக்கமா?’ என்று என் முன்னாலேயே ஒரு கிளினிக்கில் கேட்டுவிட்டார்கள். அவள் அழுதபடியே இருக்கிறாள். இது பால்வினை நோயா டாக்டர்?

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ‘லிப்ஷூட்ஸ் புண்’ ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடலுறவே இல்லாத சிறுமிகளுக்கும் இது வரும். ஆஸ்திரியத் தோல் மருத்துவர் லிப்ஷூட்ஸ் 100 வருடத்துக்கு முன்பே இதை விவரித்துவிட்டார். ஆனாலும் பல மருத்துவர்கள் இதை நேரில் பார்த்திருப்பதில்லை. சந்தேகம் பிள்ளை மேல் விழுந்துவிடுகிறது.

காய்ச்சலும் தொண்டை வலியும் தரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஃப்ளூ, கோவிட் போன்றவற்றுக்குப் பின் இது திடீரென்று வரும். கிருமி அந்த இடத்தைத் தொட்டிருக்கவே வேண்டாம். உடம்பு அதை எதிர்க்கிற வேகத்தில் அங்குள்ள மெல்லிய சவ்வு புண்ணாகிறது என்றே கருதுகிறோம். 1 செ.மீ.க்கு மேல், ஆழமாக, அடியில் சாம்பல் நிறமாக இருக்கும். மை காயும்முன் மடித்த தாளில் அச்சு விழுவதுபோல, ஒரு புண்ணுக்கு நேர் எதிரே இன்னொன்று இருப்பதும் உண்டு.

இருந்தாலும் நேரில் காட்டியே ஆக வேண்டும். ஹெர்பிஸ், சிபிலிஸ் போன்ற பால்வினை நோய்கள் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்வது வழக்கம். மகள் மேல் சந்தேகம் என்று அதற்கு அர்த்தமில்லை. மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசட்டும். யாராவது அவளைத் துன்புறுத்தியிருந்தால், அதைச் சொல்லவும் அந்தத் தனிமை வேண்டும்.

வலிதான் பெரிய கொடுமை. எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரியும். அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, அதில் உட்கார்ந்தபடியே சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். எரிச்சல் நன்றாகக் குறையும். பாராசிட்டமால், மேலே தடவ, வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு களிம்பு எல்லாம் மருத்துவர் சொல்லும் அளவில் போதும். டெட்டால், மஞ்சள், வேப்பிலை எதுவும் வேண்டாம். சிறுநீரே வரவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெரும்பாலும் 2 முதல் 6 வாரத்தில் தழும்பில்லாமல் ஆறிவிடும். சிலருக்குத் திரும்பவும் வரலாம். அப்படி வந்து, கூடவே அடிக்கடி வாய்ப்புண், கண் சிவப்பு, வயிற்றுப்போக்கு இருந்தால் பெசெட் (ரத்தக் குழாய்களில் வரும் அழற்சி), கிரோன் (குடல் அழற்சி) போன்ற நோய்களுக்கும் பார்க்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் எதிர்பார்த்துக் காத்திருப்பது அதைத்தான்.