கட்சி ஆலோசகரை நம்பலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனின் டார்ஸ்டன் பெல் எழுதியவற்றைப் படிக்கச் சொல்லியிருந்தீர்கள். அவர் லேபர் கட்சியில் ஆலோசகராக இருந்தவர். அப்புறம் ஓர் அறக்கட்டளையின் தலைவர், பத்தி எழுத்தாளர். 2024இல் அதே கட்சிக்குத் திரும்பி எம்.பி. ஆகிவிட்டார். அப்படியென்றால் நடுவில் அவர் செய்ததும் கட்சி வேலைதானே? அதை எப்படி நடுநிலை என்று எடுத்துக்கொள்வது?

ச.

அன்புள்ள ச.,

நடுநிலை என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சார்பு உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை. நான் பார்ப்பது, அந்தச் சார்பை யார் தட்டிக்கேட்க முடிந்தது என்பதை.

ஆலோசகர் என்பவர் ஒரே ஓர் ஆளின் காதில் மட்டும் பேசுகிறவர். 2008 நிதி நெருக்கடியின்போது நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங்கிடம் பெல் என்ன சொன்னார் என்று வெளியே இருந்து யாரும் சரிபார்க்க முடியாது. பிறகு லேபர் கட்சியின் அப்போதைய தலைவர் எட் மிலிபாண்டிடம் கொள்கைப் பொறுப்பு. 2015 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, ஹேஸ்டிங்ஸில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் எட்டரை அடி உயரச் சுண்ணாம்புக்கல்லை மிலிபாண்ட் திறந்துவைத்தார். அதில் 6 வாக்குறுதிகள், கீழே அவர் கையெழுத்து. பெல்லின் யோசனை அது என்று பத்திரிகைகள் எழுதின. என்ன பொறித்திருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை; கல்லைத்தான் பார்த்தார்கள். கட்சி தோற்றது.

அதே ஆண்டு அவர் ரெசல்யூஷன் ஃபவுண்டேஷனுக்குப் போனார். குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களின் வாழ்க்கைத் தரத்தை ஆராயும் அறக்கட்டளை அது. பிரிட்டன் சட்டப்படி அறக்கட்டளை ஒரு கொள்கைக்காகக் குரல் கொடுக்கலாம், ஒரு கட்சிக்காகக் கொடுக்கக்கூடாது. அங்கே பெல்லுடன் வேலை செய்தவர் டேவிட் வில்லெட்ஸ், கன்சர்வேடிவ் கட்சியின் முன்னாள் அமைச்சர். வில்லெட்ஸ் தலைமையிலான குழு 2018இல் ஓர் அறிக்கை தந்தது. 25 வயதாகும் இளைஞருக்கு 10,000 பவுண்டு தரவேண்டும், அதற்கான பணத்தை வாரிசு வரியை மாற்றியமைத்துத் திரட்டவேண்டும் என்றது. ஓட்டு வாங்கித் தரும் யோசனையா இது? எந்த அரசும் இதுவரை தொடவில்லை.

2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் கடைகள் மூடிக்கொண்டிருந்தன, ஆட்சியில் இருந்தது கன்சர்வேடிவ் கட்சி. வேலையாட்களை அனுப்பிவிடாமல் வைத்திருக்க, சம்பளத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கவேண்டும் என்று பெல்லின் அமைப்பு வற்புறுத்தியது. மார்ச் 20 அன்று நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் அறிவித்தார்: சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை. மற்றவர்களும் கேட்டார்கள், உண்மைதான். ஆனால் எதிர்க்கட்சி ஆளாகவே இருந்திருந்தால் அந்த அரசு தடுமாறட்டும் என்று காத்திருக்கத் தோன்றியிருக்கும்.

அப்சர்வர் பத்திரிகையில் பெல் எழுதிய பத்திகளும் எனக்குப் பிடிக்கும். யாரோ ஒருவருடைய ஆய்வுக்கட்டுரையை எடுத்து, சாதாரண மொழியில் சின்னதாகச் சொல்லுவார்.

உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அறக்கட்டளைப் பதவியை விட்ட சில வாரங்களிலேயே ஸ்வான்சி மேற்குத் தொகுதியில் வேட்பாளராக நின்றது எனக்கும் உறுத்தியது. கொஞ்ச காலம் இடைவெளி விட்டிருக்கலாம். கூட இருந்து கணக்குப் போட்டவர்களின் உழைப்பின் மீதும் அந்த நிழல் விழுகிறது.

2025இல் ஓய்வூதியத் துறை அமைச்சரானார். 2018 அறிக்கை பேசியது முதியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இடையே இருந்த பங்கீட்டைப் பற்றித்தான். அதை அட்டவணைகளோடு படியுங்கள், பக்கத்தில் அமைச்சரின் உரைகளை வைத்துப் பாருங்கள். எங்கே விலகுகிறார் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.