தாய்மாமனைக் கட்டிக்கொள்ள மறுத்தவர்கள் இருக்கிறீர்களா? பிறகு வீட்டில் என்ன நடந்தது?

இருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். அம்மாவின் கடைசித் தம்பி என்னைவிட 9 வயது மூத்தவர். நான் தொட்டிலில் கிடந்தபோதே "உனக்குப் பொண்டாட்டி பொறந்துட்டாடா" என்று அவரைக் கேலி செய்வார்களாம். நான் வயசுக்கு வந்தபோது குச்சு கட்டியதும் அவர்தான். தட்டு தட்டாகச் சீரும் மேளமுமாக வந்தார். அன்றைக்கே ஊர் முடிவு செய்துவிட்டது. எனக்கு அவர் என்றால் அவர் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்த ஞாபகம்தான்.

கல்லூரி முடித்ததும் பேச்சை எடுத்தார்கள். "பிடிக்கல" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு "வேற எவனையோ பிடிச்சிருக்கு" என்றுதான் பொருள். ராத்திரியே போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அதில் யாரும் இல்லை. ஒருத்தன் இருந்திருந்தால் அடித்தாவது வழிக்குக் கொண்டுவந்திருப்பார்கள். யாருமே இல்லாமல் ஒரு பெண் எதற்கு மறுக்கிறாள் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

அதனால் படித்த காரணம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக 25 சதவீத மரபணு பொது, பிள்ளைக்கு மரபுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்றேன். "நானும் உங்கம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். உனக்கு என்ன குறைச்சல்?" என்றார் அப்பா. 1955 இந்து திருமணச் சட்டம் இந்த உறவைத் தடை செய்தாலும், வழக்கம் இருந்தால் செல்லும் என்று சொந்தக்கார வக்கீல் வேறு எடுத்துக் கொடுத்தார். (மரபணுவெல்லாம் சாக்குதான். தூக்கி வளர்த்தவரைப் புருஷனாக நினைக்க முடியவில்லை என்பதை அந்தக் கூடத்தில் எப்படிச் சொல்ல?) மாமாவின் மனசை யாராவது கேட்டார்களா, தெரியாது. நானும் கேட்கவில்லை.

அடி விழுந்தது அம்மாவுக்கு. பிறந்த வீட்டில் மூன்று வருஷம் பேச்சில்லை, பொங்கல் சீர் நின்றது. வெளியில் வரன் பார்த்து என் கல்யாணம் நடந்தபோது பெரிய மாமா இறங்கிவந்து மாலை எடுத்துக் கொடுத்தார். சின்ன மாமாவும் வந்தார். 1,001 மொய் எழுதிவிட்டு, கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார். அம்மா அன்று பந்திக்கே வரவில்லை.

போன ஆவணியில் அவருக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை இல்லை. அம்மா மட்டும் தனியாகப் போய் 2,001 எழுதி, ரெண்டாம் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.