ஒற்றையாள் கூடாரம்: எடை மட்டும் போதுமா?

கேள்வி: மலைநடைப் பயணத்தில் முதுகில் சுமந்து செல்ல, ஒரு கிலோவுக்கும் குறைவான ஒற்றையாள் கூடாரம் வாங்க எண்ணியுள்ளேன். ஊன்றுகோலைக் கொண்டு நிறுத்தும் வகை நல்லதா, கம்பிகளுடன் தானே நிற்கும் வகை நல்லதா?

பதில்: நடக்கும்போது எப்படியும் ஊன்றுகோல் வைத்திருப்பவர் என்றால் முதல் வகையே என் தேர்வு, கூடாரக் கம்பிகளின் எடை அப்படியே மிச்சமாகிறது. ஆனால், அது தரையில் அடிக்கும் முளைகளின் இழுப்பை நம்பியே நிற்பதால், முளை இறங்காத பாறைத் தரையிலும் பிடிப்பில்லாத மணலிலும் உங்களைத் திண்டாட வைத்துவிடும். விளம்பரத்தில் காணும் எடை பல நேரங்களில் முளைகளையும் உறையையும் சேர்க்காத கணக்கு என்பதால், மொத்த எடையைக் கேட்டறியுங்கள். துணியில், சிலிகான் பூசிய நைலான் உறுதியானது என்றாலும் ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். மழை இரவில் எழுந்து கயிறுகளை இறுக்க நேரிடும். பாலியெஸ்டர் அந்த அளவுக்குத் தொய்வதில்லை. டைனீமா என்னும் செயற்கை இழைத் துணி நீரை உறிஞ்சுவதே இல்லை, விலைதான் மலைக்க வைக்கும். ஒரே அடுக்குத் துணியால் ஆன ஒற்றைச் சுவர்க் கூடாரங்களில் மூச்சுக்காற்றின் ஈரம் உட்புறம் துளிகளாகப் படியும். கூரை சரிந்து இறங்கும் இடத்தில், உயரமானவர்களின் உறக்கப்பை கால்மாட்டில் உரசி நனையும். ஆகவே, வாங்குமுன் உங்கள் படுக்கையை உள்ளே விரித்து, ஒருமுறை கால்நீட்டிப் படுத்துப் பார்த்துவிடுங்கள்.