சாரிட்டி டின்னருக்கு 1,500 ரூபா டிக்கெட் வாங்கச் சொல்றாங்க, அந்தக் காசு நெஜமாவே போய்ச் சேருமா?

ஓசூர்ல ஏதோ ஓட்டல்ல ஏழைக் குழந்தைங்க ஆபரேஷனுக்குன்னு டின்னர் வெக்கிறாங்களாம், இதுல எவ்ளோ போய்ச் சேரும்னு கேட்டா தப்பா நெனைப்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. நெனைப்பாங்க. அதுக்காக கேக்காம இருக்காதீங்க.

நான் தருமபுரி பக்கம். சில வருஷம் முன்னாடி பாலக்கோட்டுகிட்ட ஒரு மண்டபத்துல இதே மாதிரி ஒரு விருந்துக்கு கணக்கு டேபிள்ல என்னை உக்கார வெச்சாங்க. டெம்போ ஓட்டுற ஒருத்தரோட பையனுக்கு ஹார்ட் ஆபரேஷன். ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டு கார்டுல முடிஞ்சுரும், ஆனா சென்னைக்கு போக வர, அங்க ரூம் வாடகை, அந்த மனுஷன் வண்டி ஓட்டாத மாசத்துக்கு வீட்டுச் செலவு, இதுக்கெல்லாம் எந்த கார்டும் கெடையாது இல்லையா, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

டிக்கெட் 1,000 ரூபா, 212 வித்துச்சு. மைக்ல "ரெண்டு லட்சத்து பன்னெண்டாயிரம்"னு சொன்னதும் ஒரே கைதட்டல். ஆனா நோட்டு என்கிட்ட இருந்துச்சே. மண்டபம் 30,000. சாப்பாடு இலை 220 ரூபா, 260 இலை விழுந்துச்சு, ஏன்னா கமிட்டிக்காரங்க வீட்டு ஆளுங்க டிக்கெட்டே இல்லாம உக்காந்துட்டாங்க, அது 57,200. மைக் செட்டு, ஸ்டேஜ் அலங்காரம் 16,000. ஷீல்டு, சால்வை 14,500 (யாருக்கு சால்வைன்னு கேக்காதீங்க, சால்வை போட்டவருக்கே திருப்பிப் போட்டாங்க). ஃப்ளெக்ஸ், பத்திரிகை 9,300. மிச்சம் 85,000. அதாவது நீங்க குடுத்த ஆயிரத்துல 400 ரூபாதான் பையனுக்கு.

இதைவிட மோசம் மேடையில நடந்துச்சு. தெர்மாகோல்ல பெரிய செக்கு ஒண்ணு செஞ்சு, அதுல 2,12,000ன்னு எழுதி, புதுச்சட்டை போட்ட பையன் கையில குடுத்து போட்டோ. பையனுக்கு அதைத் தூக்கவே முடியல, ஒரு பக்கம் சாஞ்சுகிட்டே இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு சந்தையில பையனோட அம்மா என்னைப் பாத்துட்டு, "சார், செக்குல போட்டிருந்தாங்களே, மீதி காசு எப்ப வரும்?"ங்குது. நான் என்னத்த சொல்றது? சாப்பாட்டுக்கு போச்சும்மான்னா? ஏதோ மழுப்பிட்டு வந்துட்டேன், இன்னைக்கும் அது உறுத்துது.

செலவே பண்ணக்கூடாதுன்னு நான் சொல்லல. விருந்து வெக்கலேன்னா அந்த 85,000மும் வந்திருக்காது, நம்மாளுங்க இலை போட்டாதான் பாக்கெட்ல கை விடுவாங்க. ஆனா செலவை மறைச்சு மொத்த வசூலை மைக்ல சொல்றாங்க பாருங்க, அது ஏமாத்து வேலைதான். அப்புறம் முன்வரிசை ஸ்பான்சருக்கு மட்டும் மீன் வறுவல் வெச்சுட்டு டிக்கெட் வாங்குன டீச்சருங்களை கடைசி பந்தியில ரசத்தோட எழுப்பி விட்டாங்க, அதுவும் எனக்குப் பிடிக்கல.

எங்க பெரியப்பா ஊர்ல மொய் எழுதுவாரு. வாங்குற ஆளு எழுதக்கூடாது, எழுதுற ஆளு காசைத் தொடக்கூடாது, கூட்டிப் பாத்து நோட்டும் பையும் சரியா வராம யாரும் எந்திரிக்கக்கூடாது. கோட்டு போட்டவங்க நடத்துற டின்னர்ல இந்த மூணுல ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. 2024 ஆகஸ்ட்ல வயநாடு நிலச்சரிவுக்காக திண்டுக்கல்ல ஒரு பிரியாணி கடையில மொய் விருந்து வெச்சாங்களே, டிக்கெட்டே இல்ல, சாப்பிட்டவங்க தோணுனதை வெச்சுட்டு போனாங்க. சாப்பாட்டுச் செலவு கடைக்காரர் தலையில, வெச்ச காசு நிவாரணத்துக்கு. அதுல குழப்பத்துக்கே இடம் இல்ல பாருங்க.

சரி, உங்க விஷயம். சாப்பாட்டுச் செலவை தனியா யாராவது ஏத்துக்கிட்டாங்களா, இல்ல இந்த 1,500லயேவான்னு முதல்ல கேளுங்க. பணம் கட்டுற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா டிரஸ்ட் பேர் வருதா, ஏதோ ஒருத்தரோட சொந்தப் பேர் வருதான்னு பாருங்க, சொந்தப் பேர் வந்தா அங்கயே நிறுத்திக்கோங்க. "80ஜி உண்டு சார்"னு, அதாவது நன்கொடைக்கு வருமான வரியில கழிவு கெடைக்கும்னு ஆசை காட்டுவாங்க. 2,000 ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா அது கெடையாது, புது வரி முறையில இருந்தா அதுவும் கெடையாது, வெறும் ரசீது பத்தாது, டிரஸ்ட்காரங்க நன்கொடைக்கான சர்டிபிகேட் தரணும். அதுலயும் சாப்பிடுறதுக்கு வாங்குன டிக்கெட்டை முழு நன்கொடைன்னு காட்டலாமான்னு உங்க ஆடிட்டரைக் கேட்டுட்டு நம்புங்க. கணக்கை என்னைக்கு, எங்க காட்டுவீங்கன்னும் கேளுங்க. தேதி சொன்னா வாங்கலாம். "எல்லாம் பாத்துக்கலாம் சார்"னா, ஆஸ்பத்திரி கணக்குலயே நேரா கட்டிட்டு வீட்ல தோசை சாப்பிடுங்க.

அந்தப் பாலக்கோட்டு விருந்துக்கு அடுத்த வருஷம் எங்க கமிட்டியில நான் சண்டை போட்டுத்தான் உள்ளயே வந்தேன். அரிசி, காய்கறி, மளிகை மூணுக்கும் ஊர்லயே ஆள் பிடிச்சோம், சால்வை கட், தெர்மாகோல் கட், எல்லாருக்கும் ஒரே பந்தி. வெளிய போற வழியில சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால வரவு, செலவு, மிச்சம்னு எழுதி ஒட்டுறதா முடிவு. பொருளாளருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு, "என்னை நம்பலையா தம்பி"ன்னாரு. ராத்திரி பதினோரு மணிக்கு எண்ணிப் பாத்தா 50 ரூபா இடிக்குது. அஞ்சு பேர் உக்காந்து மறுபடி மறுபடி எண்ணுறோம், சமையல்காரர் அண்டா கழுவிட்டு வந்து எங்களைப் பாத்து சிரிக்கிறாரு. கடைசியில புது அம்பது ரூபா நோட்டு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதைப் பிரிச்சு எடுத்ததே அந்தப் பொருளாளர்தான்.