பம்ப் நின்றால் படம் வெட்டுகிறது

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவை நேரலையாகக் காட்டுகிறோம். தண்ணீர் பம்ப் நிற்கும்போதெல்லாம் திரையில் கோடு வெட்டுகிறது. கேமரா கெட்டுவிட்டதா, அண்ணே?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கேமராவுக்குக் காசு செலவழிக்காதீர்கள், தம்பி. பம்ப் நிற்கும் நொடியில், மோட்டார் சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் காண்டாக்டர் (பம்ப்பை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்ச்) முனைகளில் தீப்பொறியாகப் பாய்கிறது. 230 வோல்ட் லைனிலேயே அந்தக் கணம் 1,000 வோல்ட்டைத் தாண்டலாம். பக்கத்தில் ஓடும் வீடியோ ஒயர் அதை ஆண்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். முதலில் பம்ப் ஒயரையும் வீடியோ ஒயரையும் தள்ளித் தள்ளிப் போடுங்கள். கடக்கிற இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். அப்படியும் அடங்காவிட்டால், உரிமம் உள்ள வயர்மேனை வைத்து, தீப்பொறியை அடக்கும் ஸ்னப்பர் மாட்டுங்கள். மின்தேக்கியும் மின்தடையும் சேர்ந்த சின்னப் பொருள்தான். கோடு மறையும் என்று யாராவது எர்த் ஒயரைக் கழற்றச் சொன்னால் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். ஈரத்தரையில் ஜனங்கள் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது.